முப்பத்தேழு எழுத்துக்குள்

படத்தில் நாலு பேர்.
நாற்பதுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு குறையலாம்.
நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வாடகை வீடு,
ஒரு ஸ்கூட்டர், ஒரே நல்ல சட்டை.
பெண் பார்க்கப் போகிறவன் அதைப் போட்டுக்கொள்வான்.
மற்ற மூவரும் பனியனோடு வாசலில் நிற்பார்கள்.

அவர்களுக்கு மலாய் கொடுப்பவள் நான்.
படத்துக்கு எண்ணூறு வெள்ளி. வியாழனுக்குள் வேண்டும்.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து, இரண்டே வரி.
அதற்கு மேல் மனிதக் கண் படிக்காதாம்.

செந்தூலில் எட்டாவது மாடி.
காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு
ஒரு குசுவை ஏழு முறை ஓட்டிக் கேட்டேன்.
அதற்கு வரி வேண்டாம் என்று முடிவெடுக்கக்
கால் மணி நேரம்.
ஆபீசிலிருந்து பிரகலாதன் கூப்பிட்டான்:
"அக்கா, அந்த இடத்திலே ஒண்ணும் காணோமே?"
அது எல்லா மொழியிலும் அதுதான் தம்பி.

கதாநாயகிக்கு மொத்தம் பதினாலு வசனம்.
அதில் ஒன்பது "சீ".
வெட்கச் சீயா, அருவருப்புச் சீயா,
தொலையட்டும் விடு என்கிற சீயா?
எழுதினவருக்கே தெரிந்திருக்காது.
அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து
ஒன்பதையும் வேறு வேறாக எழுதினேன்.
எட்டாவது சீயில் அந்தப் பெண்
நிஜமாகவே களைத்திருந்தாள். பல டேக் போயிருக்கும்.
அதற்கு மட்டும் "சுடாலா" என்று போட்டேன்.
போதும்ப்பா, அவ்வளவுதான்.

இடைவேளைக்கு முன்னால் கேட்கிறாள்:
"நீ எப்பத்தான் பெருசாவே?"
அவன் குனிந்து கீழே பார்க்கிறான்.
தியேட்டர் சிரித்து முடிக்க
மூன்று வினாடி காலியாக விட்டிருக்கிறார்கள்.
"பிலா நாக் பெசார்?" என்று அடித்தேன்.
மலாயிலும் வளர்வதற்கும் பெருப்பதற்கும் அதே சொல்.
பதினேழு வருடத்தில் எதையும் இப்படிச் சிந்தாமல்
அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.
ஒரு அழுக்கு, முழுசாக.
பதினைந்து எழுத்து. இன்னும் இருபத்திரண்டு மிச்சம்.

அப்போது மேசைக் காலில் ஏதோ மோதியது.
தவனேஸ்வரனின் ரிமோட் கார்.
ஞாயிறு பந்தயத்துக்குப் புது டயர் போட்டிருக்கிறார்.
வயது நாற்பத்து நாலு.
ஒரு பிள்ளை வந்திருந்தால்
கார் அதனுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.
கல்யாணமான மூன்றாம் மாதம் ஒருமுறை,
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஒருமுறை.
அவர் கீழே பார்க்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார்.
இந்த மாதிரிப் படங்களில் யாரும் ஜன்னலைப் பார்ப்பதில்லை.

வெள்ளி ராத்திரி, ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மால்.
முன் வரிசையில் ஒரு மலாய்ப் பையன்,
பக்கத்தில் நம்ம பெண்.
அவன்தான் முதலில் சிரிக்கிறான்.
ஹீரோ வாய் திறப்பதற்குள் என் வரியைப் படித்துவிடுகிறான்.
அரை வினாடி கழித்து
எங்கள் ஆட்கள் காதால் கேட்டுச் சிரிக்கிறார்கள்.
அந்த அரை வினாடி என்னுடையது.
எண்ணூறு வெள்ளியில் அது சேராது.

குசுவுக்கு மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில்.
எட்டாவது முறை கேட்ட எனக்கும்
மூக்கு வழியாக ஐஸ் மைலோ வந்துவிட்டது.
வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

கடைசிப் பாட்டில் நாலு பேருக்கும் கல்யாணம்.
நாலு நிமிஷத்தில் வளர்ந்துவிட்டார்கள்,
ஆளுக்கு ஒரு புதுச் சட்டையோடு.

கார் பார்க்கில் டிக்கெட்டைத் தேடி
எல்லாப் பையையும் தடவியபடியே அவர் சொன்னார்:
"அந்த சுடாலா நல்லா இருந்துச்சு."

நீங்க எதுக்கு வரியைப் படிக்கிறீங்க?

"தமிழ் தானா காதுல விழுதே.
கண்ணு சும்மாதானே இருக்கு."

டிக்கெட் என் கைப்பையில் இருந்தது.